ராத்தாவின் பெட்டியில் இருந்த பின்னல்

ராத்தா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, முகவர் நிலையத்தில் கொடுத்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய பயணப் பெட்டியைச் சோதித்தவன் நான்தான். கொண்டுபோகக் கூடாதவை என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன். எனக்கு மூத்த சகோதரியான ராத்தா, என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனால் எந்தக் கடதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

உம்மா மட்டும் பேசுவார்.

"நாம முஸ்லிம், போறது முஸ்லிம் நாட்டுக்கு. எங்கட பெட்டிய என்னத்துக்குத் தோண்டிப் பாக்கணும்?"

பெட்டியின் மூலைகளில் சாமான்களைச் செருகி வைத்திருந்தவர் அவர்தான். முதலில் வெற்றிலையும் பாக்கும் வெளியே வந்தன.

"வெத்திலைக்கும் அவங்களுக்கும் என்ன பகை?"

"போதைச் சாமானோட சேத்திருக்காங்க உம்மா."

"அப்ப எங்கட தெருவுல முழுப் பேரும் வெறிகாரங்கதான்."

அடுத்து, இடுப்பு நோவுக்குச் சிலாபத்தில் வாங்கிய குளிசைகள். உறையில் பெயர் இல்லை, வைத்தியரின் கடிதமும் இல்லை. எடுத்துவிட்டேன். கருவாட்டைப் பற்றிக் கடதாசியில் தெளிவாக இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் எடுத்துவைத்தேன்.

"என்னையும் எடுத்து வெளிய வெச்சிருவாய் போல இரிக்கி" என்று ராத்தா சிரித்தாள்.

"வெச்சா நல்லம்" என்றார் உம்மா. அவர் சிரிக்கவில்லை.

கடைசி வரி, 'சூனியம் செய்வதற்குரிய பொருட்கள்' என்றிருந்தது. அதை நான் வாசித்ததும் மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கப்போகிறது. மடித்து வைத்திருந்த கறுப்பு அபாயாவைத் தூக்கியபோது அதற்கடியில் ஒரு துணி முடிச்சுத் தட்டுப்பட்டது. அவிழ்த்தேன். இரண்டு நுனியிலும் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பின்னல், ஒரு முழ நீளம்.

யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ராத்தாவின் மகளுக்கு அப்போது ஆறு வயது. மச்சான் விட்டுப் போன நாளிலிருந்து தாயும் மகளும் எங்களோடுதான். காலையில் வீட்டில் என்ன அவசரமென்றாலும் பிள்ளையை மடிக்கு முன்னால் இருத்தி, எண்ணெய் வைத்து, வாரிப் பின்னிவிட்ட பிறகுதான் ராத்தா மற்ற வேலைக்குப் போவாள். தான் போன பிறகு அதைச் செய்ய ஆளில்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று உம்மாவின் விரல்கள் மடங்காமல் போயிருந்தன. அந்தக் கிழமைதான் ராத்தா குசினி வாசலில் வைத்துப் பிள்ளையின் முடியைக் காதளவுக்கு வெட்டிவிட்டாள். வெட்டியதைப் புதைத்துவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பாலாவி ஊர்ப் பெண் ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. நான்கு வருடம் சவூதியில் வீட்டு வேலை செய்து திரும்பியவர். முந்திய கிழமை அவரிடம் விசாரிக்கப் போயிருந்தேன். எங்கள் பெண்கள் வாரும்போது உதிர்கிற முடியைக் கண்ட இடத்தில் எறிவதில்லை, சுருட்டி வைத்துப் புதைப்பார்கள். அவரும் போன இடத்தில் அப்படியே சுருட்டி ஒரு கடதாசியில் பொதிந்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரி அதைக் கண்டுவிட்டு, தனக்குச் சூனியம் வைப்பதாகச் சொல்லிப் பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். மூன்று நாள் அடைத்து வைத்திருந்தார்களாம். அவர் சொன்னபோது ராத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து, வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொன்னேன்.

"இது சின்னப் புள்ளட முடி எண்டு பாத்தா விளங்காதா தம்பி?"

"அத எந்தப் பாஷையில சொல்லப் போறாய்?"

சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் கூர்மை எனக்கே தெரிந்தது. ராத்தா பின்னலை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு அதை உம்மாவிடம் நீட்டி, "நான் போன பொறகு புதைச்சிருங்க" என்றாள்.

உம்மா கையை நீட்டவில்லை. "உன்ட புள்ளட முடி. நீயே புதை."

அடுத்த நாள் காலையில் முருங்கைக்குப் பக்கத்தில் ராத்தாவும் பிள்ளையும் குழி தோண்டினார்கள். பிள்ளை சிரட்டையால் மண்ணை அள்ளிப் போட்டது.

"உம்மா, திரும்ப முளைக்குமா?"

"முளைக்கும். உன்ட தலையில" என்றாள் ராத்தா.

போகிற நாள், விமான நிலையத்துக்குப் போகிற வான் வருவதற்குச் சற்று முன்னால், ராத்தா என்னிடம் ஒரு துணியை நீட்டினாள். பிள்ளையின் தலையணை உறை. தலை படுகிற இடம் தேங்காய் எண்ணெய் ஊறி மஞ்சளாகிப் போயிருந்தது.

"இதக் கொண்டு போகலாமா எண்டு பாரு."

நான் கடதாசியை எடுத்து, அவள் பார்த்திருக்க, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து மேலிருந்து கீழே திரும்பவும் வாசித்தேன். தலையணை உறை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"கொண்டு போகலாம் ராத்தா."

"அழுக்கு உறையோட போய் இறங்கினா வீட்டுக்காரி என்ன நினைப்பா?" என்றார் உம்மா. "கழுவினதொண்டு அலுமாரியில இரிக்கி."

"அழுக்குத்தான் வேணும்" என்றாள் ராத்தா. அதை மடித்து அபாயாக்களுக்கு நடுவில் வைத்தாள். உம்மா பெட்டியின் சிப்பை இழுத்து மூடினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் ராத்தாவின் ஃபோன் கோல் வந்தது. போய்ச் சேர்ந்த அன்றே வீட்டுக்கார மேடம் பெட்டியை நிலத்தில் கவிழ்த்து, சட்டைகளின் தையல் வரைக்கும் தடவிப் பார்த்தாராம். ஒன்றும் அகப்படவில்லை. "நீ சொன்னது நல்லதாப் போச்சு தம்பி" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, இருந்த உடுப்பு எல்லாவற்றையும் மேடம் கழுவுகிற மெஷினில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"உறையையுமா?"

"ஓம்."

வாசலுக்கு வெளியே பிள்ளை விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியாக வாசித்த எனக்கு, அங்கே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவார்கள் என்பது ஞாபகத்துக்கு வரவே இல்லை. 

"மணம் போயிட்டு" என்றாள். "ஆனா கறை போகல்ல. ரெண்டு தரம் போட்டும் போகல்ல. மேடம் எறியச் சொன்னா. நான் எறியல்ல, என்ட தலகாணிக்குப் போட்டுட்டன்." பிறகு, "ஃபோனப் புள்ளட்டக் குடு" என்றாள்.