டீசல் வண்டியும் ஏழு நிறுத்தங்களும்

எங்கள் பலாவையும் மிளகையும் அதுவரை வாடகை ஜீப்பில்தான் மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். ஜீப் வராத நாளில் பழம் கிடந்து அழுகும். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கலாம் என்று துணிந்தபோது, சேந்தமங்கலத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு பாயிடம் இரண்டு நின்றன. ஒன்று டீசல், இன்னொன்று பெட்ரோல்.

பாரம் இழுக்க டீசல்தான் என்று மலையில் எல்லோரும் சொன்னார்கள். என் மனைவிக்கோ டீசல் புகை ஆகாது. பஸ்ஸில் பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதற்குப் பயந்தே அடிவாரத்தில் இருந்த தன் அம்மாவைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறைதான் போவாள். பெட்ரோல் வண்டி வாங்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. வண்டி பார்க்க நானும் வருகிறேன் என்று எலுமிச்சம்பழத்தோடு கிளம்பியபோதே அவள் மனசு எனக்குப் புரிந்துவிட்டது.

பாய் இரண்டையும் கடைவீதியில் ஓட்டிக் காட்டினார். மலையேற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்நியரிடம் பேசுவதென்றாலே கூசும். அவள்தான் கேட்டாள்.

"ஏனுங்க பாய், காலி வண்டியக் கழுதகூட இழுக்குமுங்க. மூட்டை ஏத்தி மலையேத்திக் காட்டுங்க."

"கழுதைக்கு நான் எங்கம்மா போவேன்? ஏறுங்க, வண்டியிலயே காட்டறேன்" என்று சிரித்தார் பாய்.

உப்பு மூட்டைகளை ஏற்றி முதலில் பெட்ரோல் வண்டியில் போனோம். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை என்ஜின் சூடாகி ஆவி கக்கியது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவோம். அவள் இறங்கிக் காற்று வாங்குவாள். பாதி மலை வரை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

"பாத்தீங்களா, பெட்ரோலுக்கு வாந்தியே வல்லீங்க!" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படி மறுப்பது? ஆனால் இப்படிக் கொதிக்கும் வண்டியில் பலா எப்போது சந்தை சேரும்?

கீழே வந்து மூட்டைகளை டீசல் வண்டிக்கு மாற்றினோம். அது மூச்சுவிடாமல் ஏறியது. ஒன்பதாவது வளைவில் அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"பாய், நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். பாயே திரும்பிப் பார்த்தார். அவள் இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. அதன்பின் அவளுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எலுமிச்சம்பழம் மடியிலேயே இருந்தது.

"புகையால இல்ல புள்ள. பெட்ரோல் வண்டி நின்னு நின்னு வந்துச்சு, பஸ்ஸுக்காரன் நிறுத்த மாட்டான், அவ்வளவுதான்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க நிறுத்துவீங்களா?"

"நிறுத்தறேன்."

டீசல் வண்டியையே வாங்கினோம். மாதம் ஒரு நாள், பலாவோடும் மிளகு மூட்டைகளோடும் அவளையும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவேன். எழுபது வளைவுக்கு ஏழு நிறுத்தம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போவார்கள். அவள் நிதானமாகத் தலையை முடிந்துகொண்டு, கீழே தெரியும் ஊர்களில் தன் அம்மா ஊர் எது என்று எனக்குக் காட்டுவாள்.