கண்மாய்க்குள் ஒரு பதினாலு

கல்லல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிட்டால், ஆடு மேய்ப்பவர்களுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்படுகிற ஆள் என் அக்காள் வீட்டுக்காரர் செம்மலைதான். ஊரே மழையில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் நீளமான பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையேறி உள்ளே இறங்குவார். பைக்குள் இருப்பவை கோல்ஃப் மட்டைகள்.

மலேசியாவில், ஜோகூர் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபது வருஷம் போலப் புல் வெட்டினார். திங்கட்கிழமை வேலையாட்களும் ஆடிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழக்கம். அப்படி ஆடிப் பழகி, முழங்கால் வலியும் ஒரு பை மட்டையும் ஒரு நம்பருமாக ஊர் திரும்பினார். நம்பர் பதினாலு. அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு நம்பர் உண்டு, ஹேண்டிகேப் என்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரன் மட்டையால் எழுபத்திரண்டே அடி அடித்து எல்லாக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்கிற மைதானத்தை நீ இன்னொரு பதினாலு அடி கூடுதலாக அடித்து எண்பத்தாறில் முடித்தால், உன் நம்பருக்கு ஆடிவிட்டாய் என்று அர்த்தம். இதை அவர் எனக்கு விளக்காத விசேஷ வீடு கிடையாது. காதுகுத்தில் விளக்கியிருக்கிறார், கருமாதியில் விளக்கியிருக்கிறார்.

கண்மாய்க்குள் பால்மாவு டப்பாக்களைப் புதைத்து ஒன்பது குழி செய்திருந்தார். இரண்டு சுற்று வந்தால் ஒரு முழு ஆட்டம். குழியைச் சுற்றி விளக்குமாற்றால் கூட்டி மணல் பரப்பி வைத்திருப்பார். எனக்குக் காரைக்குடி செக்காலையில் மின்சாமான் கடை, ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. அதனால் கருவேல முள்ளுக்குள் புகுந்து பந்து பொறுக்கும் உத்தியோகம் எனக்கு. அந்த ஆட்டம் எனக்கு அறவே பிடிக்காது. அக்கா வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்காகத்தான் போவேன்.

எண்பத்தாறு வந்த நாளில் மச்சானைக் கையில் பிடிக்க முடியாது. அன்றைக்கு அக்கா பாண்டீஸ்வரி எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் அந்த நாள் எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. அப்போது காற்றைத் திட்டுவார், களிமண் வெடிப்பைத் திட்டுவார், உள்ளே மேய வரும் வேல்பாண்டியின் ஆடுகளை அவற்றின் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவார்.

"இது கணக்குல சேராது மாப்ள. ஆடு குறுக்க வந்துருச்சு. நான் பதினாலு ஆளு."

அன்றைக்கு எத்தனை வந்தது என்று வீட்டில் மூச்சுவிடமாட்டார்.

இதோடு நின்றிருந்தால் வேடிக்கை என்று விட்டிருப்பேன். மகள் அகல்யாவுக்கும் அவர் ஒரு நம்பர் வைத்திருந்தார்.

அகல்யா கணிதம் படித்தவள். அரசு வேலைத் தேர்வுக்காகக் காரைக்குடியில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே வாராவாரம் மாதிரித் தேர்வு நடக்கும். இருநூறு கேள்வியில் நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபது என்று வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு வாரம் நூற்று எழுபத்துநாலு வந்துவிட்டது. அவ்வளவுதான். டீக்கடை, ரேஷன் கடை ஒன்று பாக்கியில்லை. "எம் புள்ள நூத்தி எழுபத்திநாலு" என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். உண்மையான தேர்வில் அவளுக்கு வந்தது நூற்று ஐம்பத்தொன்பது. கொஞ்ச மார்க்கில் வேலை கைநழுவிப் போய்விட்டது.

அவர் அவளைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். சோற்றில் கை வைக்கும்போது கேட்டார், தலைவாரிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அன்னிக்கு வந்தது இன்னிக்கு ஏன் ஆத்தா வரல?"

அகல்யா மாதிரித் தேர்வு மார்க்கைச் சொல்வதை நிறுத்தினாள். பிறகு அந்தத் தேர்வுகளுக்குப் போவதையே நிறுத்தினாள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியபோது, "நான் எழுதலம்மா. ஜவுளிக்கடையில ஆள் கேக்குறாக, போறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா போனில் என்னிடம் அழுதாள். எனக்கு மச்சான் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜவுளிக்கடை வேலை ஒன்றும் குறைச்சலில்லை; ஆனால் அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுப் போகவில்லை, ஒரு கேள்விக்குப் பயந்து போகிறாள்.

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குப் போனேன். அன்றைக்கு மச்சானுக்குத் தொண்ணூற்றிரண்டு. கரைமேல் நாவல் மரத்தடியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அகல்யா தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்து ஜோகூரிலிருந்து குருநாதன் கூப்பிட்டார். தேவகோட்டைக்காரர், அந்த மைதானத்து அலுவலகத்தில் இன்னமும் வேலையில் இருக்கிறார். கையெல்லாம் மண் என்பதால் மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, எனக்கு ஆட்டம் போயிருச்சுண்ணே. அஞ்சு வாட்டி ஆடுனா ஒரு வாட்டிதான் பதினாலுக்கு வருது."

"அஞ்சுக்கு ஒண்ணா? பரவாயில்லையே! அதுக்கு மேல யாருக்கு வருது?"

"என்னண்ணே சொல்றீக? நம்பருன்னா நம்ம சராசரிதானே?"

"அட, யாரு சொன்னா? கடைசி இருபது ஆட்டத்துல நல்லா ஆடுன எட்டை மட்டும் எடுத்துத்தான் நம்பர் போடுவாக. மத்த பன்னெண்டையும் தள்ளிருவாக. பதினாலுங்கிறது உன்னோட நல்ல நாளு செம்மலை. எப்பவும் ஆடுற ஆட்டம் அதுக்கு மூணு நாலு அடி கூடத்தான் வரும். இத்தன வருசம் இங்க புல்லு வெட்டுன, இதுகூடத் தெரியாதா?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாவம் அந்த ஆடுகள், இத்தனை நாளும் வீணாகத் திட்டு வாங்கியிருக்கின்றன.

அகல்யா சிரிக்கவில்லை. மோரை டம்ளரில் ஊற்றி அப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

"அவுக இருபதுல எட்டையாவது எடுக்குறாகப்பா. நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணைத்தான எடுத்தீக."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கரையிறங்கிப் போய்விட்டாள். மச்சான் மோரைத் தொடவில்லை. நான் கேட்க வந்த நாலு வார்த்தைக்கும் இனி வேலை இல்லை.

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அவ சொல்றது சரிதானடா மாப்ள?" என்றார்.

"சரிதான் மச்சான்."

"ஏன்டா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேக்குற மாதிரியா இருந்தீக?"

சாயங்காலம் அவளிடம் போய், "கடைக்குப் போறதுன்னா போ ஆத்தா, எழுதுறதுன்னா எழுது. மார்க்கு நான் கேக்கமாட்டேன்" என்றாராம். அவள் கடைசித் தேதிக்குள் விண்ணப்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிடும். உடனே துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். நானும் யோசித்துப் பார்த்தேன். என் மனைவி கல்யாணமான புதுசில் வைத்த ஒரு மீன்குழம்பை வைத்துத்தான் இன்றுவரை அவள் குழம்பை எல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன். மச்சானைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

தேர்வு காரைக்குடியில், என் கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முடிகிற நேரத்துக்கு நானும் மச்சானோடு வாசலில் நின்றேன். வெளியே வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் சூழ்ந்துகொண்டு, அங்கேயே கேள்வித்தாளைப் பிடுங்கி விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்கள். அகல்யா வந்தாள். மச்சான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"பசிக்குதா ஆத்தா?"

அவள் தலையாட்டிவிட்டு வண்டியில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகப்போகும்போது அவளே சொன்னாள்.

"ரொம்ப நல்லாப் பண்ணலப்பா. இன்னிக்கு எனக்கு நல்ல நாள் இல்ல."

மச்சான் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு நேத்து தொண்ணூத்திநாலு" என்றார்.

தோற்ற நம்பரை அவர் வீட்டு மனுஷர்களிடம் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல்முறை. அகல்யா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்ப்பா, காத்தா?"

"காத்தும் இல்ல, ஆடும் இல்ல ஆத்தா. நாந்தான்."