ஊசிப்போன சாம்பாருக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் என் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். சொன்னதோடு நிற்பதில்லை. போனை எடுத்து ஒற்றை நட்சத்திரம் போட்டு ஊருக்கே தெரிவித்துவிட்டுத்தான் கை கழுவப் போகிறார்கள். நான் வேறு ரகம். சப்ளையர் வந்து "எட்லா உந்தி சார்?" என்று தெலுங்கில் ருசி எப்படி எனக் கேட்டால் போதும், வாயில் கிடப்பது வேகாத உருளைக்கிழங்காகவே இருந்தாலும் "சூப்பர்" என்று சொல்லிவிடுவேன். சொன்ன வாய்க்குத் தண்டனையாக இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொள்வேன். மீசை நரைத்த பிறகும் உள்ளங்கை வேர்க்கிறது. இந்தப் பயம் எனக்கு எந்த ஊரில் தொற்றியது, எந்த இலையில் தொற்றியது என்பதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருப்பதியில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டலின் ஏசி அறையில்.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஜெபம் பண்ணிய சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது. ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு உப்பில்லை, காரமில்லை என்பது கொடுத்த ஆண்டவரிடமே முகத்தைச் சுளிப்பதாகும் என்பார். ஆமெனுக்கு முன்னால் ருசி பார்க்க முடியாது. ஆமெனுக்குப் பின்னால் வாயைத் திறக்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் விமர்சனத்துக்கென்று நேரமே ஒதுக்கப்படவில்லை. இந்தச் சட்டத்தால் மிக அதிகமாகப் பயனடைந்தது அம்மாவின் ரசம்.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்து, கேக்கும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு சத்தமா சிரிக்கிறா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது சபை முழுவதும் தெரிந்திருந்தது. கோயில் வாசலில் நின்று ஆளாளுக்கு அக்காவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்களுக்குப் பிறகு அக்கா வீட்டுக்குள்கூட வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு வீட்டில் இருந்த ஒரே ரசிகை அவள்தான்.

அதனால் இந்த முறை யார் கண்ணிலும் படாமல், இரண்டு குடும்பமும் திருப்பதியில் ஒரு ஓட்டலில் சந்திப்பது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீடு திருச்சானூர் போகிற சாலையில். ஓட்டலைத் தேர்ந்தெடுத்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஓனர் அவருக்கு ரொம்பவும் வேண்டியவராம். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே அம்மா எனக்குக் கடைசி உத்தரவு போட்டாள்: "வாயத் தொறந்தா துன்றதுக்கு மட்டும்தான் தொறக்கணும். நீ எதுனா ஒளறி இதுவும் கலைஞ்சிதுன்னா, அப்புறம் உங்கக்கா ஆயுசுக்கும் சிரிக்க மாட்டா, பாத்துக்க."

சித்திரை வெயில். வெளிக்கூடம் முழுக்க மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள். பந்திக்குப் பந்தி காத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்ணாடிக் கதவுக்குள்ளே உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை என்று காட்டப்பட்டவர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் ஜக்கு.

பெரியப்பா சப்ளையரை விரட்டி, இலை போட்டு, சோறு வைத்து, சாம்பாரும் ஊற்றச் செய்துவிட்டு, "வாத்தியாரே, நீங்களே ஜெபம் பண்ணிடுங்க" என்றார்.

நைனாவிடம் அந்தப் பொறுப்பை யாரும் பசியோடு கொடுக்கக்கூடாது. அவருடைய ஜெபம் விதைப்பிலிருந்து தொடங்கும். ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், நெல் குத்தியவர், லாரி ஓட்டியவர் என்று வரிசையாக எல்லாரையும் கூப்பிட்டு ஆசீர்வதித்த பிறகுதான் சோறு இலைக்கு வந்து சேரும்.

நாங்கள் தலை குனிந்தோம். இங்கேதான் விபரீதம். பெரியவர்கள் தலை குனிந்தால் அவர்கள் மூக்குக்கும் இலைக்கும் நடுவே ஒரு மரியாதையான தூரம் இருக்கும். நானோ குட்டை, நாற்காலியோ அதைவிடக் குட்டை. நான் பக்தியோடு குனிந்தபோது என் மூக்கு நேராகச் சாம்பாருக்கு மேலே போய் நின்றது.

சாம்பார் ஊசிப்போயிருந்தது.

சந்தேகமே இல்லை. புளிப்பும் ஈரத்துணி நாற்றமும் கலந்து ஒரு ஆவி. கண்ணை மூடிக்கொண்டால் வாசனை இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அந்தக் கூட்டத்தில் இந்த உண்மை தெரிந்த ஒரே மனிதன் நான். நைனா அப்போதுதான் துவரம்பருப்புக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆமென் வந்துவிட்டால் சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது; எல்லாரும் சாப்பிடுவார்கள்; எல்லாரும் சாவார்கள். சித்தூர் கோயிலில் எங்கள் பெட்டிகளை வரிசையாக வைத்துப் பாட்டுப் பாடுவதுவரை பார்த்துவிட்டேன். என் பெட்டி சின்னதாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

மேசைக்கு அடியில் அம்மாவின் தொடையைக் கிள்ளினேன். அவள் கண்ணைத் திறக்காமலே என்னைத் திருப்பிக் கிள்ளினாள். நைனா முருங்கைக்காய்க்கு நகர்ந்தார்.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

முதல் கவளம் வாய்க்குள் போனது. நைனாவின் முகத்தில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் திடீரென்று வகுப்புக்குள் நுழைந்தால் வருமே, அந்தப் புன்னகை வந்து அப்படியே நின்றது. அம்மா இமைக்க மறந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய் இலையின் ஓரத்துக்கு அடியில் தள்ளினாள். மாப்பிள்ளை மட்டும், பரீட்சை எழுதுகிறவர்போலத் தலையைத் தூக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு அழைத்தவர்கள். தம் விருந்தைத் தாமே எப்படிப் பழிப்பது? நாங்கள் பெண் வீட்டார். போதாதற்கு ஸ்தோத்திரம் வேறு சொல்லியாகிவிட்டது.

பெரியப்பா ஒருவர்தான் சுகமாகச் சாப்பிட்டார். அவர் பொடி போடுகிறவர். அவருடைய மூக்கு வாசனை பார்க்கும் வேலையை எப்போதோ ராஜினாமா செய்துவிட்டிருந்தது. "சாம்பார்னா இதான்யா சாம்பார். இன்னா வாத்தியாரே?" என்றார்.

"பிரமாதம்" என்றார் நைனா, சிலுவை சுமக்கிறவரின் குரலில்.

அவ்வளவுதான், சப்ளையர் நைனாவின் சோற்றுமேல் இன்னொரு கரண்டியை ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்து பெரியப்பாவின் கண் என்மேல் விழுந்தது. "இன்னாடா தம்பி, துன்னாம குந்திகினு கீற? ஏம்பா, தம்பிக்கு நல்லா ஊத்து."

வாளி என்னை நோக்கி வந்தது. வாயைத் திறந்தால் அக்காவின் கல்யாணம் போகும். திறக்காவிட்டால் என் உயிர் போகும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன்; என் உயிர் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுபோலத்தான் பட்டது. ஆனாலும் குரல் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அப்போது என் இலைக்கு மேலே ஒரு கை வந்து குடைபோல விரிந்தது. அக்காவின் கை.

"அன்னா, மீரு தின்னாரா?" என்று சப்ளையரிடம் கேட்டாள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று.

அவர் திகைத்துப்போனார். அந்த வேலையில் அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "இங்கா லேதம்மா" என்றார், இன்னும் இல்லை என்று.

"அப்டின்னா இந்த சாம்பார மட்டும் துன்னாதீங்கண்ணா. வெயிலுக்கு லேசா ஊசிப்போன மாதிரி கீது. காலைலருந்து நின்னுகினு கீறீங்க. ஒடம்புக்கு வந்துடப் போவுது."

அவள் குரல் உயரவில்லை. காய்ச்சலில் கிடக்கிற எனக்குக் கஞ்சி ஊட்டும்போது பேசுகிற அதே குரல். சப்ளையர் வாளியை முகத்துக்குக் கொண்டுபோனார். "அய்யோ தேவுடா!" என்று வாளியோடு ஓடினார்.

நைனா இலையைப் பார்த்தபடி இருந்தார். அம்மாவின் முகத்தில் கோயில் வாசலின் ஆறுதல்கள் எல்லாம் மறுபடி வரிசையில் வந்து நின்றன. பெரியப்பா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் கீது போல கீதே."

அக்காவின் கை இன்னும் என் இலைக்கு மேலேயே இருந்தது.

"பெரிப்பா." அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத மாப்பிள்ளை. "எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி. நான் பயந்துகினு முழுங்கிட்டேன். அவங்க சொல்லிட்டாங்க."

உடனே அவருடைய அம்மா இலையைத் தூக்கிக் கீழே ஒளித்த சோற்றைக் காட்டினாள். "நானும்தான், பாருங்க. அந்தப் பொண்ணு சொல்லலன்னா இந்த எலய எப்படி மடிப்பேன்னு முழிச்சிகினு கெடந்தேன்." பெரியப்பா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் ஓனரே வந்துவிட்டார். வரும்போதே வெளிக்கூடத்தில் சாம்பாரை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டுத்தான் வந்தார். அங்கே கைப்பிள்ளைக்காரிகள் பந்தியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்ல நேரத்தில சொன்னீங்கம்மா" என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். புது இலை வந்தது. சுடச்சுடப் பப்பு என்கிற பருப்பு, நெய், அப்பளம் எல்லாம் வந்தன.

யாரும் கை வைக்கவில்லை. நைனா தயங்கினார். ஏற்கெனவே ஸ்தோத்திரம் சொன்ன பந்தி. ஆனால் இது வேறு சாப்பாடு. அவருடைய சட்டத்தில் இதற்கு இடம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் சொன்னாள்: "இன்னொருவாட்டி பண்ணிடுங்கண்ணா. புது எலையாச்சே."

எல்லாரும் தலை குனிந்தார்கள். ஒருமுறை சூடுபட்ட என் மூக்கு குனிய மறுத்தது. கண்ணையும் நான் மூடவில்லை. இந்த முறை ஏரும் இல்லை, லாரியும் இல்லை. "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். என் பிள்ளைக்குச் சொல்லத் தெரிஞ்ச வாயைக் கொடுத்ததற்காகவும் ஸ்தோத்திரம்." அவர் வாழ்நாளில் பண்ணிய ஜெபங்களிலேயே அதுதான் மிகச் சின்னது.

அந்தச் சின்ன ஜெபத்துக்குள் நான் ஒரு பெரிய குற்றத்தைப் பார்த்துவிட்டேன். அக்கா கண்ணை மூடவில்லை. எதிரே மாப்பிள்ளையும் மூடவில்லை. தண்ணீர் ஜக்கை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். பப்பும் ஊசியிருக்குமோ என்று இரண்டு பேரும் சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் இலையைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இன்றைக்கும் திருச்சானூர் சாலையில் அக்கா வீட்டுக்குப் போனால், மாமா, அன்றைய மாப்பிள்ளைதான், என் இலைக்குச் சாம்பார் ஊற்றுவதற்கு முன் கரண்டியை என் மூக்கருகே நீட்டிக் காட்டுவார். அக்கா அடுக்களையிலிருந்து சிரிப்பது தெருமுனைவரை கேட்கும். ஓட்டலில் குறை சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் யாராவது சாப்பாடு பரிமாறினால், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன். அக்காவுக்கு நான் செலுத்தும் ஸ்தோத்திரம் அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் திரும்பி வரும் பஸ்ஸில், அக்கா ஜன்னலோரம் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சந்திரகிரி ஸ்டாப்பிங்கில் நைனாவின் காதில் சொல்லிவிட்டேன்: "நைனா, ரெண்டாவது ஜெபத்துல அக்கா கண்ண மூடவே இல்ல. அவரும்தான். ஒர்த்தர ஒர்த்தர் பாத்துகினே இருந்தாங்க."

அக்காவுக்கு அடி நிச்சயம் என்று காத்திருந்தேன். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு பெரிய பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, முழுவதையும் என் மடியில் வைத்தார்.

சித்தூர் வந்து சேரும்வரை கடலையைத் தின்றுகொண்டே யோசித்தேன். கோள் சொன்னால் எப்போதும் முதுகில் ஒன்று போடுகிற நைனாவுக்கு அன்று என்ன ஆனது என்று எனக்கு விளங்கவே இல்லை.