கனி மேடம் மாற்றிவைத்த வகுப்பு

கடம்பூர் போகும் பேருந்தில் இருந்தேன். முன் இருக்கைகளில் எங்கள் கல்லூரியின் பி.எட். மாணவிகள், அன்று பள்ளியில் எடுக்கவேண்டிய பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். "சார், கனி மேடம் தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொன்னாவளாம்." வகுப்புகள் முடியும்வரை மாணவிகளிடம் நான் சொல்லவில்லை. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் சண்முகக்கனி மேடம் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் பயிற்சி பெற்று இன்று ஆசிரியராக இருப்பவர்கள். நான் அவருக்கு எதிர் மேசைக்காரன். கணக்கு கற்பிக்கும் முறை என்னுடையது, அறிவியல் அவருடையது. அவர்மேல் எனக்கு மலையளவு மரியாதை உண்டு. ஒரு விஷயத்தில் கோபமும் உண்டு. செத்துப்போனார் என்பதற்காக அதை மறைத்து எழுத என்னால் ஆகாது.

மாணவிகள் பள்ளியில் பாடம் எடுக்கும்போது மேற்பார்வைக்குப் போகும் நாங்கள் முன்வரிசைக்கு ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கிக்கொண்டு உட்காருவார். பாடம் நடத்துகிறவளைப் பார்க்கவே மாட்டார். பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு மழைநாளில் ஒருத்தி கரிசல் மண்ணின் தன்மைகளை வண்ணப் படம் வரைந்து தொங்கவிட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கரிசலை அப்பிக்கொண்டு கிடந்தன. மேடம் எழுந்துபோய் ஒரு செருப்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "இத வாசல்ல போட்டுட்டு படத்தக் காட்டுதியே தாயி" என்றார். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். அப்படித்தான் அவர் கற்றுக்கொடுப்பார்.

இனி அந்தச் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு மாணவியும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே அதே வகுப்புக்குப் போய், அதே பாடத்தை நடத்தி, எந்தக் கேள்விக்கு யார் கைதூக்க வேண்டும் என்பதுவரை பழக்கிவைத்துவிடுவார்கள். மறுநாள் வகுப்பு கல்யாண வீடு மாதிரி களைகட்டும். தேர்வாளரும் மகிழ்ந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தேர்வு பாதி முடிந்திருந்தது. ஒரு மாணவி கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்து பதிலைச் சொல்லிவிட்டான். பழக்கிவைத்த வகுப்பு என்று மேடத்துக்குப் புரிந்துபோயிற்று. அடுத்தவளுக்கு எட்டாம் வகுப்பு ஏ பிரிவை வெளியே அனுப்பிவிட்டு, பி பிரிவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அந்த அடுத்தவள்தான் செல்வி. கழுகுமலைப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள்.

"நிலத்தடி நீர் என்றால் என்ன?" என்று கேட்டாள். யாரும் கைதூக்கவில்லை. மறுபடி கேட்டாள். பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் கடைசி பெஞ்சில் அசையாமல் இருந்தார். செல்வி சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். தேறவில்லை. மறுமுறை எழுத வரவும் இல்லை.

ஆசிரியர் அறையில் அன்று நான் மேடத்திடம் சண்டையே போட்டேன். எல்லாரும் செய்ததைத்தானே அவளும் செய்தாள், முன்னால் போனவர்களெல்லாம் தேறிவிட்டார்கள், இவள் மட்டும் என்ன பாவம் செய்தாள் என்று கேட்டேன். பழக்கிவைத்த பிள்ளைகளிடம் பாடம் நடத்துவது பாடமே இல்லை என்று அவர் ஒரே பிடியாக நின்றார். ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து, தேர்வன்று வகுப்பு மாறும் என்பதை முதல் வாரமே எல்லாரிடமும் சொல்லிவிடுவார். உங்களிடமும் சொல்லியிருப்பார். அது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

செல்வியின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. கோவில்பட்டி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு மேடம் வேறு கடையில் சேலை எடுத்ததே இல்லை. ஒருமுறை நானும் கூடப் போனேன். செல்வி சேலையை விரித்தாள், விலையைச் சொன்னாள், மடித்தாள். மேடம் ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "நான் செஞ்சது சரிதான் சார். செஞ்ச நாளுதான் தப்பு. அவ வாழ்க்கைய வச்சா நான் அதக் கண்டுபிடிக்கணும்?" எனக்கும் அதே எண்ணம்தான்.

மறுநாள் மேடத்தின் வீட்டில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது செல்வி வந்தாள். கடைச் சீருடைச் சேலையோடு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தாள். கும்பிட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"சார், உங்க வீட்டு போர்ல எத்தன அடியில தண்ணி கெடக்குன்னு கேட்டிருக்கலாம்லா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்தப் பிள்ளையகிட்ட. நிலத்தடி நீர்னா என்னன்னு கேட்டதுக்குப் பதிலா. அத்தன பேரும் கை தூக்கியிருப்பாவ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவிய கடைக்கு வாரப்பல்லாம் சொல்லணும்னு நெனைப்பேன் சார். சேலைய மடிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

மறுபடி தேர்வு எழுத ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்ப்போம் சார் என்றாள். நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அந்த ஒரு கேள்வியை அவள் வாயால் கேட்க மேடம் அந்தக் கடைப் படியை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே அவள் போவதைப் பார்த்தேன்.

மேடம் இருந்த இடத்தில் இனி நான்தான் தேர்வுக்குப் போகவேண்டும். கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன், பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பேன். அது அவரிடமிருந்து எனக்கு வந்தது. ஆனால் கேள்வி விழுந்த பிறகு வகுப்பு வாயடைத்துக் கிடந்தால், அந்தப் பெண் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கும்முன் நான் எழுந்துவிடுவேன். அன்று எழாமல் இருந்த அவர் அந்த நாளுக்காகக் கடைசிவரை வருந்தினார். அதையும் சேர்த்துத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.