மலையில் ஒட்டிய பாக்கெட்

எங்கள் ஆன்லைன் கடையில் விற்றது ஒரே பொருள்தான், உருளைக்கிழங்கு சிப்ஸ். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு அக்கா பொரிப்பார். அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். முன்பு கேரட் கழுவும் இடத்தில் கூலி வேலை. குளிர்ந்த தண்ணீரில் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. கடை ஓடினால் அவர் அங்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. சுயதொழில், முன்னேற்றம் என்று நான் வெளியே பெரிதாகப் பேசிக்கொண்டு திரிந்தாலும், கடை ஆரம்பித்த காரணம் இதுதான்.

பொரிப்பது அவர், விற்பது நான். வெப்சைட், போட்டோ, கூரியர், வாடிக்கையாளர் போன் எல்லாம் என் பொறுப்பு. ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்தவள் என்பதால் 'சாரி மேடம்' எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்ட எனக்கே வாய் வலிக்கும் அளவுக்குப் புகார் வந்தது. பாக்கெட் சூம்பிப் போயிருக்கிறது, பாதி தூள், பழைய சரக்கா என்று கேட்டார்கள். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று எழுதினார்.

அதைப் படித்துக் காட்டியதும் அக்கா தராசைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"நீயே நிறுத்துப் பாரு. நான் என்ன களவாணியா? இந்தச் சோலியே வேணாம். நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு கேரட்டுக்கே போறேன்."

"எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். அதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா யாவாரம் பண்ண முடியாதுக்கா."

நிறுத்தோம். எடை சரியாகத்தான் இருந்தது. அதன்பின் நான் கடையை மேம்படுத்தும் வேலையில் இறங்கினேன். வெப்சைட்டின் நிறத்தை மாற்றினேன். பனிமூட்டத்துக்கு முன்னால் பாக்கெட்டை நிறுத்திப் புதுப் போட்டோ எடுத்தேன். நிலைமை இன்னும் மோசமானது. படத்தில் கொழுகொழுவென்று இருக்கும் பாக்கெட் கையில் நோஞ்சானாக வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு போகிறீர்களா என்று கூரியர்காரரோடு சண்டை போட்டேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உறவினர்களுக்குக் கொடுக்க நாலைந்து பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவற்றின் மேல் யாரும் உட்காரவில்லை. மலை இறங்கி வத்தலக்குண்டில் பஸ் நின்றதும் பைக்குள் கையை விட்டால், அத்தனையும் சூம்பிக் கிடந்தன. ஒட்டிய இடம் ஒன்றுகூடப் பிரியவில்லை.

சிரிப்பு வந்தது. தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. கீழேயிருந்து வரும் பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் மலையேறினால் உப்பிக்கொள்ளும். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. கொடைக்கானலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் மேலே ஒட்டியது கீழே போனால் சுருங்கத்தானே செய்யும்? தாங்கக் காற்று இல்லாமல் உள்ளே இருப்பதும் தூளாகத்தானே செய்யும்? மலையில் இருக்கிற எங்களுக்குப் பாக்கெட் சாமான் கீழேயிருந்து வந்துதான் பழக்கம். நாங்கள் கீழே அனுப்புவது காய்கறி மூட்டை. அது உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது.

சைக்கிள் பம்பால் கூடுதல் காற்று அடித்துப் பார்த்தோம். ஒட்டு வெடித்து அக்காவின் முகமெல்லாம் சிப்ஸ். டப்பாவில் போட்டால் கூரியர் செலவு கட்டுப்படியாகவில்லை. 'கீழே வந்தால் பாக்கெட் சுருங்கும்' என்று வெப்சைட்டில் விளக்கம் எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இங்கே பொரித்து அங்கே கொண்டுபோய் ஒட்டலாமென்றால், கொண்டை ஊசி வளைவுகளிலேயே எல்லாம் நொறுங்கிவிடும். கிழங்கைக் கீழே இறக்கி, அங்கேயே பொரித்து ஒட்டுவது ஒன்றுதான் மிச்சம்.

வத்தலக்குண்டில் அக்காவின் தம்பி வீட்டு மாடி அறை சும்மா கிடந்தது.

"ஒரு மாசம் பார்ப்போம்க்கா. சரிவரலேன்னா வந்துருங்க" என்றேன்.

சட்டிகளைக் கட்டிவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வெப்சைட்டுல கொடைக்கானல்ல பொரிச்சதுன்னு போட்டிருக்கியே, அதை எடுத்துரு. கெழங்கு மட்டுந்தானே இனி இங்கிட்டு இருந்து வருது. ஒருக்கா களவாணின்னு பேரு வாங்குனது போதும்."

எனக்கு மனமே இல்லை. அந்த வரிக்காகத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் எடுத்தேன், பனிமூட்டப் படத்தையும் சேர்த்து. விற்பனை நான் பயந்த அளவுக்கு விழவில்லை.

மாதம் முடிவதற்குள் ஒரு பெண் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். முழுசு முழுசாக இருந்ததாம், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே காலி செய்துவிட்டார்களாம். உடனே அக்காவுக்குப் போன் போட்டுப் படித்தேன்.

"இன்னொருக்கா படி."

படித்தேன். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"அங்க வெயில் எப்படிக்கா?"

"அடுப்படியில வெந்து போயிக் கெடக்கேன். கால் புண்ணு ஆறிருச்சு." கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப, இது சரிவந்துருச்சா?"

"சரிவந்துருச்சுக்கா."

"அப்ப நான் மேல வர வேணாம்."

கேட்கிறாரா, சொல்கிறாரா என்று தெரியவில்லை. சரிவராவிட்டால் வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். சரிவந்தால் என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை. நட்சத்திரம் பார்த்த சந்தோஷமெல்லாம் அந்த நிமிடமே வடிந்துவிட்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "ஒரு ஞாயித்துக்கிழமை இங்க வந்துட்டுப் போங்கக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான், அவருடைய வீட்டுக்கே அவரை விருந்தாளி போலக் கூப்பிடுகிறேன் என்று உறைத்தது. அழுகை வந்துவிட்டது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"ஆர்டர் கெடக்குடி. பார்ப்போம்" என்று போனை வைத்தார்.