மஞ்சள் அடித்த அறை

அண்ணன் பெயிண்டர். ஊரார் வீட்டுச் சுவர்களைக் கண்ணாடியாக்கிவிட்டு வருவார். எங்கள் வாடகை வீட்டுச் சுவர் மட்டும் உரிந்து தொங்கும். "வாத்தியார் பிள்ளை மக்கு" என்று அண்ணி இடித்துக்காட்டினால் சிரித்துக்கொள்வார்.

நான்கு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அண்ணி ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். வேலை முடிந்ததும் நான் துணைக்குப் போவேன். ஊசி போடும்போது குழந்தை அழுவதை அண்ணனால் பார்க்க முடியாது, வராந்தாவுக்கு ஓடிவிடுவார்.

"அத்தை, வீட்டுக்கு எப்போ?" தினமும் இதே கேள்விதான் அவளுக்கு.

ஒருநாள் டாக்டர் மனமிரங்கினார். ரத்த அணுக்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, அடுத்த மருந்துக்கு முன் இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார். "ஆனா வீடு சுத்தமா இருக்கணும். கிருமியே கூடாது" என்று அண்ணனிடம் அழுத்திச் சொன்னார்.

அழைத்துப்போகும் நாளில் குழந்தை காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குளித்து, தலைவாரி வந்தார்.

"ஏய் வாலு, உன் ரூம் இப்போ என்ன கலர் தெரியுமா? மஞ்சள்!"

"முழுசாவா?"

"உச்சி வரைக்கும்."

குழந்தையின் கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தார். "பெயிண்ட் அடிச்சீங்களா? எப்போ?"

"நேத்துதான் சிஸ்டர். பழசையெல்லாம் சுரண்டி, பள்ளத்துக்கெல்லாம் பட்டி பூசி, தேய்ச்சு... ஒரு பொட்டுக் கிருமி இருக்காது."

நர்ஸ் டாக்டரைக் கூட்டிவந்தார்.

"சுரண்டின தூசி வீடு பூரா பறக்கும். அதுல பூஞ்சை இருக்கும். குழந்தை உடம்பு தாங்காதுங்க. இந்தத் தடவை வேண்டாம்" என்றார் டாக்டர்.

வேறு வீடு என்று எங்களுக்கு இல்லை.

"பெருக்கித் துடைச்சாப் போதாதா? யாருங்க உங்களைச் சுரண்டச் சொன்னது?" அண்ணியின் குரல் உடைந்தது.

"சுத்தமா இருக்கணும்னாரே..." என்றார் அண்ணன். அவருக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். பழசை ஒட்டச் சுரண்டாமல் எந்தச் சுவரையும் அவர் சுத்தம் என்று சொன்னதில்லை.

குழந்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா. நாளைக்குக் காஞ்சிடும்."

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

"காயாதா? அப்போ செருப்பைக் கழட்டிடட்டுமாப்பா?"

அண்ணன் குனிந்து அவரே கழற்றினார். வெகுநேரம் நிமிரவில்லை.