தங்கை வீட்டு இன்னொரு ரூம்

வீடு பிடித்த அன்றே தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு வங்கி வேலை; ராஜஸ்தானில், பாலைவனத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு மாற்றல். நன்றாக மாட்டினாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, பொய் சொல்வானேன். அவளோ போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினாள்.

"எக்கா, இது ஹால். இது எங்க ரூம். இது இன்னொரு ரூம்."

இன்னொரு ரூமாம்! இங்கே பெரிய நகரத்தில், கசார்வாடியில், நானும் இவரும் இரண்டு பையன்களும் அம்மாவும் ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு ஹாலில் திவான் கட்டில். இவர் மேட்ச் பார்த்து முடித்தால்தான் அவளுக்குத் தூக்கம்; நான் சாப்பாட்டு டப்பா கட்ட விளக்கைப் போட்டால் அவளுக்கு விடியல். பெரிய வீடு தேடி சாங்வி வரை அலைந்திருக்கிறோம். வாடகையைக் கேட்டதுமே இவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவளிடமும் வாடகையைக் கேட்டேன். எங்கள் வாடகையில் பாதிகூட இல்லை. வயிறு எரிந்தது.

"தண்ணி வருமாட்டி?" என்றேன் நம்பிக்கையோடு.

"கீழ பெரிய தொட்டி இருக்குக்கா."

"மண்ணு?"

"அது வரத்தான் செய்யும். தெனமும் ரெண்டு தடவ தூத்துப் பெருக்கணும்."

அப்பாடா, மண்ணாவது இருந்ததே என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "அம்மாவ இங்க அனுப்பேன். அந்த ரூம் சும்மாத்தான கெடக்கு."

அப்பா போனதிலிருந்து அம்மா என்னோடுதான். வெந்நீர் எந்தச் சூட்டில் இருந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு ரூமைக் காட்டி அவளைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊர் வெயிலையும் மண்ணையும் பற்றி அம்மாவிடம் ஓயாமல் ஓதினேன். அவளுடைய இளைப்பையும் சேர்த்துக்கொண்டேன். கீரை உருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"மண்ணத் தூத்துக்கிடலாம்ட்டி," என்றாள் கடைசியில். "கதவச் சாத்திட்டுப் படுத்து எவ்வளவு நாளாச்சு!"

டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா அங்கே போன பிறகு தங்கையிடமிருந்து படங்கள் வந்தன. கண்ணாடி பதித்த விரிப்பு போட்ட கட்டில், அதன்மேல் அம்மா. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. "ரூம்ல உக்காந்து பேசிக்கிட்டே இருப்போம்க்கா. நேரம் போறதே தெரியாது" என்று எழுதியிருந்தாள். நான் அந்தப் பேச்சின்மேல்தான் அதிகம் பொறாமைப்பட்டேன். என் வீட்டில் அம்மாவிடம் மனம் விட்டு ஏதாவது ஆரம்பித்தால் யாராவது சார்ஜர் தேடி வந்துவிடுவார்கள். அவள் காதில் மட்டும் போட எனக்கு நிறைய இருந்தது. போட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

"கொஞ்சம் இரு, கதவச் சாத்திட்டு வாரேன்," என்றாள் அம்மா. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பச் சொல்லு. இங்க யாரும் இல்ல. அங்க இருந்தப்ப ஒரு நாளும் கேக்க முடியல. நீ நல்லாருக்கியாட்டி?"

டிவியில் யாரோ அவுட்டாகி இவர் கத்திக்கொண்டிருந்தார். படுக்கையறையில் சின்னவனுக்கு ஆன்லைன் டியூஷன். பெரியவன் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு திவானுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்," என்றேன்.